விளிம்பின் குரலும் வெகுசன ஊடகமும்: கானாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குறுந்தொகையைத் தொகுத்தோர்க்கு ஒரு சிக்கல் நேர்ந்திருக்கிறது. கைக்கு வந்த பாட்டுக்கள் சிலவற்றைப் பாடியவர் யார் என்பது தெரியவில்லை. பாட்டோ விட்டுவிடக் கூடியதன்று. அறிந்த பெரும்புலவர் ஒருவர் கணக்கில் அதனைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம், கேட்பார் இல்லை. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாட்டுக்குள்ளேயே தேடி, அதில் ஒளிரும் ஒரு தொடரை எடுத்து, அதையே பாடியவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவர், மீனெறிதூண்டிலார், விட்டகுதிரையார், குப்பைக்கோழியார் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தவை என்பதை இவ்வவையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் இருக்கிறார். எல்லாப் பாட்டுக்கும் இது கைகூடவில்லை. பெயரின்றியே நிற்கும் பாட்டுக்களும் குறுந்தொகையில் உண்டு. ஆயினும், கூடியவரை ஒரு பாட்டை ஆளில்லாப் பாட்டாக அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதில்லை என்ற பிடிவாதம் அத்தொகுப்பில் தெரிகிறது.

இன்று நடப்பது இதன் தலைகீழ். பாடியவர் பெயர் தெரிகிறது, ஊர் தெரிகிறது, அவர் பாடிய நாளும் நேரமும் முகமும் கூடப் பதிவாகியிருக்கின்றன. அத்தனையும் இருந்தும், பாட்டு பெருவழிக்கு வந்து சேர்வதற்குள் பெயர் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. இணையம் பரவிய இந்தக் கால் நூற்றாண்டில், சிறு குழுக்களின் பண்பாட்டை வெகுசன ஊடகம் தன்வயமாக்கிக்கொள்ளும் முறையை ஆராய்வதற்கு இந்த உதிர்வு எங்கே நிகழ்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி.

ஒரு சமூகத்தின் பொதுவான நடைமுறைக்குள் வாழ்ந்துகொண்டே, உடையால், பேச்சால், பாட்டால், விருப்பு வெறுப்புகளால் தம்மை வேறாக வைத்துக்கொள்ளும் குழுவினரின் பண்பாட்டை உட்பண்பாடு எனலாம். ஆங்கிலேய ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட தம் நூலில், பிரித்தானியத் தொழிலாளர் வர்க்க இளைஞரின் 'பங்க்' முதலிய போக்குகளை ஆராய்ந்தார். இத்தகைய எதிர்ப்பைப் பெருஞ்சமூகம் இரண்டு வழிகளில் செரித்துக்கொள்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒன்று, அதன் அடையாளங்களைக் கடைச் சரக்காக்கி விற்பது. மற்றொன்று, அதனை முதலில் பூச்சாண்டியாகக் காட்டிப் பின்னர் 'இவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம்' என்று வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது. காதில் ஊக்குக் குத்திக்கொண்ட இளைஞனின் படத்தை ஒரு நாள் அச்சத்தோடும், மற்றொரு நாள் அவன் தன் தாயோடு தேநீர் அருந்தும் கோலத்தில் கனிவோடும் வெளியிடும் செய்தித்தாள் இரண்டு முறையும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

ஹெப்டிஜ் எழுதிய காலத்தில் இந்தச் செரிமானத்திற்குச் சில ஆண்டுகள் வேண்டியிருந்தன. அந்த இடைவெளியில் குழுவினர் ஊடகத்தை ஏமாற்றவும் முடிந்தது. சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரில் 'கிரஞ்ச்' என்னும் கரடுமுரடான இசைப் போக்கு தோன்றியது. அங்குள்ள இளைஞர் குளிருக்காகப் பழைய துணிக் கடையில் வாங்கிய ஃபிளானல் சட்டைகளை அணிந்தனர். 1991 செப்டம்பரில் நிர்வானா குழுவின் 'நெவர்மைண்ட்' இசைத்தட்டு வெளிவந்ததும் பேரூடகம் சியாட்டிலை நோக்கி ஓடிற்று. 1992இல் மார்க் ஜேக்கப்ஸ் என்னும் உடை வடிவமைப்பாளர் அந்த ஏழைச் சட்டையையே பட்டில் நெய்வித்து நியூயார்க் மேடையில் நடக்கவிட்டார். அவ்வாண்டு நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இவ்விளைஞரின் கொச்சைச் சொற்களுக்கு ஓர் அகராதி வேண்டும் என்று விரும்பியது. அதன் நிருபர் தொலைபேசியில் கேட்டபோது, சியாட்டிலில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மேகன் ஜாஸ்பர் என்னும் பெண், அந்தக் கணத்தில் வாயில் வந்த சொற்களையெல்லாம் கட்டிச் சொன்னார். நாளிதழ் அவற்றைப் பொருளோடு பட்டியலிட்டு அச்சிட்டுவிட்டது. அப்படி எவரும் பேசியதே இல்லை என்பதை அடுத்த ஆண்டு அம்பலப்படுத்தியது 'தி பாஃப்லர்' என்னும் சிற்றிதழ். ஒரு பேரிதழ் ஏமாந்ததை ஒரு சிற்றிதழ் கண்டுபிடித்தது என்ற செய்தி, சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்தோர் பலர் அமர்ந்திருக்கும் இவ்வவைக்குச் சிறிது ஆறுதல் தரலாம்.

இந்த விளையாட்டு சாத்தியமானதற்குக் காரணம் தொலைவு. அறிய விரும்பியவன் ஓரிடத்திலும் அறியப்பட வேண்டியது வேறிடத்திலும் இருந்தன. நடுவில் ஒரு தொலைபேசிக் கம்பிதான் இருந்தது. அந்தத் தொலைவு ஒரு வேலியாகவும் நிழலாகவும் பயன்பட்டது. இப்போது வேலியும் இல்லை, நிழலும் இல்லை. அதனால் நேர்வது என்ன என்பதைக் காண இத்தமிழ்நாட்டிலேயே, சென்னையின் வடபகுதியிலேயே, ஒரு சான்று இருக்கிறது.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, இராயபுரம், காசிமேடு ஆகிய பகுதிகளில், துறைமுகத்தையும் ஆலைகளையும் இரயில்வே பணிமனைகளையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளர் குடியிருப்புகளில், பெரிதும் ஒடுக்கப்பட்ட மக்களிடையே வளர்ந்தது கானா. பாட்டைக் குறிக்கும் இந்திச் சொல்லோடு இப்பெயர் தொடர்புடையது என்பர். பல மொழியினரும் பல ஊரினரும் வந்து கலந்த துறைமுக நகரத்தின் பேச்சே அதன் மொழி. மேசையும் பானையும் தீப்பெட்டியும் கைத்தட்டும் தாளத்திற்குப் போதும். வசதி இருந்தால் டோலக்கும் புல்புல்தாராவும் சேரும். பெரும்பாலும் தொடக்கத்தில் தாளமின்றி ஒரு தொகையறா வரும். பாடுபவர் அதில் நிதானமாக மூச்சிழுத்து, கூடியிருப்போரின் மனத்தைத் தம் பக்கம் திருப்பி, பிறகே தாளத்திற்குள் இறங்குவார்.

கானாவில் பல வகை உண்டு. கேலி உண்டு, காதல் உண்டு, சிறையைப் பற்றியும் பசியைப் பற்றியும் ஆன பாட்டுக்கள் உண்டு. ஆனால் அதன் ஆழம் தெரிவது இறப்பு வீட்டில்தான். பிணத்தருகிலும் பதினாறாம் நாள் நிகழ்விலும் இரவு முழுவதும் பாடப்படுவது மரண கானா. இதற்கென்றே பெயர்பெற்றவராக மரண கானா விஜி போன்றோர் இருக்கின்றனர். இறந்தவர் பெயர் பாட்டில் வரும். அவர் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், அவர் செய்த தொழில், அவர் இருந்த தெரு, நண்பர்கள் அவரை அழைத்த பட்டப்பெயர் எல்லாம் வரும். பாடுபவர் அங்கேயே கேட்டறிந்து அங்கேயே கட்டுவார். அழுதுகொண்டிருப்பவர் ஒரு வரியில் சிரித்துவிடுவதும், சிரித்தவர் அடுத்த வரியில் உடைந்து அழுவதும் அங்கே இயல்பு. நாளிதழில் இரங்கற் செய்தி வரும் தகுதி அற்றவன் என்று நகரம் கருதிய ஒருவனுக்கு அவன் தெருவிலேயே எழுதப்படும் வரலாறு அது. கையறுநிலைத் துறையைப் புறநானூற்றில் படித்துச் சுவைப்போர், அத்துறை இன்றும் உயிரோடு நடமாடும் இடம் புளியந்தோப்பு என்பதை ஏற்கத் தயங்குகின்றனர். தயக்கத்திற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை.

மரண கானாவின் உயிர்நாடி பெயர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பெயரை எடுத்துவிட்டால் மெட்டும் தாளமும் சில சிரிப்புகளும் எஞ்சும். திரைப்படம் எடுத்துக்கொண்டது இந்த எஞ்சியதைத்தான்.

1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரையிசையில் பரவலாக்கினார். மயிலாப்பூர்ச் சபாவுக்கு எட்டாத ஒரு குரல் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது அவரால்தான். அதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஆயினும், திரைக்கு வந்த கானாவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் எது என்று பார்க்கவேண்டும். நாயகனும் அவன் தோழர்களும் குடித்துவிட்டுப் பெண்ணைப் பழிக்கும் இடம், அல்லது கதை சற்றே களைத்து நகைச்சுவை வேண்டும் இடம். துக்கம் போய்க் காதல் தோல்வி வந்தது. ஒரு குறிப்பிட்ட மனிதன் இறந்ததற்காக அழுத பாட்டு, எந்த இளைஞனும் தன்னைப் பொருத்திக்கொள்ளக்கூடிய பொதுப் பாட்டாயிற்று. வெகுசன ஊடகத்தின் வேலைமுறையே இது. எவர்க்கும் பொருந்த வேண்டுமானால் எவர் பெயரும் இருக்கக்கூடாது.

2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் தாமே திரையில் தோன்றி மீன்களின் கல்யாணப் பாட்டைப் பாடினார். பாடுபவரின் முகம் ஊரறிய வந்தது. 2012இல் 'அட்டகத்தி' வழியே கானா பாலா வந்தார். இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. இவர்களுக்கெல்லாம் பாட்டு வகையே பெயரின் முன்னொட்டாக நிற்கிறது. கர்நாடக இசைக் கலைஞர் எவரையும் 'கர்நாடக' என்ற அடைமொழியிட்டு அழைப்பதில்லை. வீட்டுக்குள் வந்த விருந்தினரின் நெற்றியில் அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று எழுதி வைப்பது போன்றது இது. பாடுவோரே விரும்பித் தாங்கும் பட்டம் என்பதும் உண்மை; அப்பட்டம் அவர்களை வேறு எந்தப் பாட்டுக்கும் அழைக்காமல் தடுப்பதும் உண்மை.

இப்போக்கு ஒரே திசையில் போகவில்லை. பா. இரஞ்சித் இயக்கிய 'மெட்ராஸ்' படத்தில் (2014) கொலையுண்ட இளைஞனின் பிணத்தின் முன் கானா பாலா பாடும் பாட்டு, திரைப்படத்தின் வழியாகவே கானாவை அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தது. 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்றன. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்னும் வழக்கிலிருந்து அக்குழு தன் பெயரை எடுத்தது. அக்குழுவின் ஒரே பெண் பாடகராக அறிமுகமான இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடியமைக்காக 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவ்வாண்டு திசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்களின் மாதம் என்று பெயர்பெற்ற மாதத்தில் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை இடப்பட்டது. இவை உள்ளிருந்தோரே தம் விதிப்படி வெளியே வந்த நிகழ்ச்சிகள். இழுத்துச் செல்லப்படுவதற்கும் நடந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது.

கவிஞர்கள் இதனைப் பிறர் வீட்டுக் கதையாகக் கேட்கவேண்டியதில்லை. தமிழ்ப் புதுக்கவிதையே ஒரு காலத்தில் உட்பண்பாடாக இருந்தது. 1959 சனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். விற்காத பத்திரிகைக்கு விற்பனை வரம்பா என்று அன்றைக்கே நகைத்தவர் உண்டு. ஆனால் அந்த வரம்பு செல்லப்பா தாமே இட்டுக்கொண்ட நிழல். அந்த நிழலில் பதினோர் ஆண்டு புதுக்கவிதை தவறு செய்யவும், தன்னைத் திருத்திக்கொள்ளவும், தன் வாசகரைத் தேடிக்கொள்ளவும் அவகாசம் கிடைத்தது. 1970இல் 'எழுத்து' நின்றது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வார இதழ்கள் புதுக்கவிதையை எடுத்துக்கொண்டன. துணுக்கு அச்சிட்டு நிரப்பிய இடங்களில் வரியை மடக்கி எழுதிய துணுக்குகள் வந்தன. கல்யாணப் பத்திரிகையில்கூடப் புதுக்கவிதை வந்தது. எதிர்த்தபோது வளர்ந்த வடிவம் ஏற்கப்பட்டபோது நீர்த்தது என்று முதியோர் பலர் வருந்தினர். வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குள் வடிவம் முதிர்ந்திருந்தது. எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகும் நிற்கத்தக்க வேர் அதற்கு இருந்தது.

இணைய காலத்தில் குறைந்துபோனது இந்த அவகாசமே.

வேலைமுறையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். முன்பு ஓர் உட்பண்பாட்டைப் பேரூடகத்திற்குக் கொண்டுவர இடையில் ஓர் ஆள் வேண்டும்: ஒரு நிருபர், ஓர் இசையமைப்பாளர், ஒரு துணி வியாபாரி. அவர் தேடி வரவேண்டும். தவறாகவேனும் புரிந்துகொள்ள வேண்டும். இன்று அந்த ஆளின் இடத்தில் கணிப்பொறியின் கணக்கு அமர்ந்திருக்கிறது. யார் எதை எவ்வளவு நேரம் பார்த்தார், எதைப் பிறர்க்கு அனுப்பினார் என்று எண்ணிப் பார்த்து, மேலும் பலர் முன் அதனை நீட்டுவதே அதன் தொழில். அதற்கு எதுவும் புரியவேண்டியதில்லை. டிக்டாக் போன்ற குறும்படச் செயலிகளில் இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் பதிவிலிருந்து ஒலியை மட்டும் தனியே உருவி, எவரும் தம் பதிவின்மேல் போட்டுக்கொள்ளலாம். ஒலி ஒரு பொதுக் கிணறாகிறது. இறைத்தவர்களின் எண்ணிக்கை கிணற்றின்மேல் எழுதப்படுகிறது. முதலில் தோண்டியவரைத் தேடுவது பார்ப்பவர் பொறுப்பு. டிக்டாக் தொடக்கத்தில் பதினைந்து விநாடிப் பதிவுகளால் பெயர்பெற்றது. பதினைந்து விநாடியில் கானாவின் தாளம் அடங்கும், தொகையறா அடங்காது. கூட்டத்தை அமைதிப்படுத்தி, யாருக்காகப் பாடுகிறோம் என்று அறிவிக்கும் பகுதி எதுவோ அதுவே முதலில் வெட்டப்படுகிறது. திரைப்படம் பத்தாண்டில் செய்ததைக் கைப்பேசி ஒரு பிற்பகலில் செய்து முடிக்கிறது.

அமெரிக்காவில் நடந்த ஒன்று இதற்குத் தெளிவான சான்று. 2019 செப்டம்பரில் அட்லாண்டா நகரின் புறத்தே வாழ்ந்த ஜலாயா ஹார்மன் என்னும் பதினான்கு வயதுக் கருப்பினச் சிறுமி, 'ரெனகேட்' என்னும் நடனத்தை அமைத்து இணையத்தில் இட்டாள். சில வாரங்களில் அது டிக்டாக்கிற்குப் போயிற்று. கோடிக்கணக்கானோர் பின்தொடரும் வெள்ளையின இளம்பெண்கள் ஆடினர். புகழ் அவர்களுக்குச் சேர்ந்தது. ஒருவரை அந்நடனத்தின் தலைவி என்றே அழைத்தனர். உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் ஆடிய நடனத்தை அமைத்தவள் தான்தான் என்று அச்சிறுமி சொன்னபோது கேட்பார் இல்லை. 2020 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' அவளைத் தேடிக் கண்டு எழுதியது. அம்மாதமே சிகாகோவில் நடந்த கூடைப்பந்து விழாவில் அவள் தன் நடனத்தைத் தானே ஆடினாள். அன்று சியாட்டிலின் பொய்ச் சொற்களை அச்சிட்டு ஏமாந்த அதே நாளிதழ் இன்று பெயரை மீட்டுக் கொடுத்தது. பேரூடகத்தை ஒரே கோலால் அளக்க முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் சேர்ந்த புகழும் அதன் வழி வந்த பொருளும் வேறு கைகளுக்குப் போய்விட்டன.

தமிழில் இதற்கு இணையான, இன்னும் சிக்கலான ஒரு நிகழ்வு 'எஞ்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சு 7ஆம் நாள் வெளிவந்த அப்பாடலை எழுதித் தீயோடு சேர்ந்து பாடியவர், கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் மேடையில் வளர்ந்த அறிவு. இசை சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. பிறந்த மண்ணை அவர்கள் தேர்ந்து விட்டு வரவில்லை. இரண்டு அரசுகள் மேசையில் எண்ணிப் பிரித்துக்கொண்டன. நிலமின்றி உழைத்த அத்தலைமுறையின் நினைவே அப்பாட்டின் பொருள். ஒப்பாரியின் சாயலும் ராப்பின் வேகமும் அதில் கலந்திருந்தன. யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. குழந்தைகள் ஆடினர், கல்யாண மண்டபங்களில் மணமக்கள் ஆடினர், விளம்பரங்களுக்கு ஏற்ற துள்ளல் அதில் இருந்தது. நிலம் இழந்தோர் பாட்டுக்கு நிலம் உடையோர் வீட்டு விழாவில் ஆடியதில் ஒரு நகைமுரண் உண்டு. பாட்டின் வெற்றியென்றும் அதனைக் கொள்ளலாம்.

அவ்வாண்டு ஆகத்தில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் இப்பாடலையும் 'நீயே ஒளி' பாடலையும் கொண்டாடி அட்டைப்படம் வெளியிட்டது. அதில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர். இரண்டு பாடல்களையும் எழுதிய அறிவு அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். சமூக ஊடகங்களில் பலர் சேர்ந்துகொண்டனர். இதழ் பின்னர் அறிவை மட்டும் கொண்டு மின்வடிவ அட்டை ஒன்றை வெளியிட்டது. 2022 சூலை 28ஆம் நாள் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவில் அப்பாடல் பாடப்பட்டபோதும் அறிவு மேடையில் இல்லை. அவர் தம் மனக்குறையைப் பொதுவில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும், அறிவின் பங்கைத் தாம் என்றும் மறைத்ததில்லை என்று விரிவாக மறுமொழி கூறினர். 2024இல் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கோ உடன் பணியாற்றிய கலைஞர்களுக்கோ அதுவரை வருவாயே வந்து சேரவில்லை என்றார்.

இவ்வழக்கில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பளிப்பது இவ்வுரையின் வேலையன்று. கூட்டுப் படைப்பில் பங்குகளைப் பிரிப்பது எப்போதும் கடினம்; மூவரும் கலைஞர்களே. கவனிக்கவேண்டியது வேறு. தனிப்பட்ட எவரும் தீங்கு நினைக்காமலேயே, அட்டைப்படம், மேடை, விளம்பரப் பலகை என்று பாட்டு ஒவ்வொரு படியாக மேலேறும்போது உதிர்வதற்கு முதல் வாய்ப்புடைய பெயர் எது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பேரூடகத்திற்குப் பழக்கமான முகங்கள் சில உண்டு. அவற்றோடு ஒத்துப்போகும் முகம் அட்டையில் நிற்கிறது. ஒத்துப்போகாத முகத்திற்குரியவர் தம் பெயரைத் தாமே கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. கேட்டால் நன்றி கெட்டவர் என்ற சொல்லும் கேளாவிட்டால் மறதியும் கிடைக்கின்றன.

இணையம் இங்கே இரண்டு வேடம் போடுகிறது. பெயரை உதிர்த்ததும் அது. உதிர்ந்தது என்று காட்டிக்கொடுத்ததும் அது. 1990களில் ஒரு திரைப்பாட்டின் மெட்டு எந்தத் தெருவில் யார் வாயில் முதலில் பிறந்தது என்று கேட்க வழியில்லை. ஒலிநாடாவில் பதிந்தவை தேய்ந்தன. பதியாதவை பாடியவரோடு போயின. இன்று நாளும் நேரமும் இட்ட சான்று இருக்கிறது. ஜலாயா ஹார்மனும் அறிவும் பெயரை மீட்டது அதனால்தான்.

அந்தச் சான்றும் சொந்த நிலத்தில் நிற்பதன்று. 2020 சூன் 29ஆம் நாள் இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டாக்கும் போயிற்று. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களும் கூலித் தொழிலாளரும் திருநங்கையரும் தெருக் கலைஞரும் ஆயிரக்கணக்கில் பதிந்து வைத்திருந்த ஆட்டமும் பாட்டும் பேச்சும் இந்நாட்டில் ஒரே இரவில் கண்ணுக்குத் தெரியாமற் போயின. தடைக்கு அரசு சொன்ன காரணங்கள் வேறு. அவற்றின் தகுதி வேறு விவாதம். ஓலைச்சுவடியைச் செல் அரித்தது என்று உ.வே.சா. வருந்தியதைப் படித்த தலைமுறை, மின்பதிவுக்கும் செல் உண்டு என்பதை அந்த இரவில் கண்டது. ஓலைக்காவது ஒரு வீட்டுப் பரண் இருந்தது.

இனி, இவ்வவையில் அமர்ந்திருப்போரைத் தொடும் செய்தி. கவிஞர்களுட் சிலர் திரைப்பாடல் எழுதுகின்றனர். சிலர் சென்னைப் பேச்சைக் கவிதையில் ஆள்கின்றனர். பலர் இணையத்தில் நாள்தோறும் எழுதுகின்றனர். தெருவில் கேட்ட ஒரு சொல்லையோ உவமையையோ கவிஞன் எடுத்தாள்வது குற்றமன்று. மொழி அவ்வாறுதான் வளர்கிறது. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தோர்கூட நெடுங்காலம் பாட்டை அச்சிட்டுப் பாடிய கிழவியின் பெயரை விட்டுவிட்டனர். 'வாய்மொழி மரபு', 'மக்கள் படைப்பு' என்னும் பெரிய சொற்கள் அந்த விடுபாட்டை மூடுவதற்குப் பயன்பட்டதுண்டு. மக்கள் என்பது ஒரு திரளாகத் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத்தான் தெரியும். அருகில் போனால், இன்ன தெருவில் இன்ன வீட்டில் இன்னார் என்றுதான் இருக்கும். கானா ஆய்வு என்ற பெயரில் வரும் கட்டுரைகளில் மேலைநாட்டுச் சிந்தனையாளர் பெயர் பக்கத்திற்கு நான்கு வருகிறது. பாடியவர் பெயர் 'ஒரு பாடகர்' என்று வருகிறது. இவ்வுரையிலும் ஹெப்டிஜ் வந்துவிட்டார். பிணத்தருகில் இரவெல்லாம் பாடியும் திரைக்கோ கைப்பேசிக்கோ வராத பாடகர்கள் ஒருவர்கூடப் பெயரோடு வரவில்லை. இக்குறையை மறைக்க வேண்டியதில்லை.

நிழல் இனிக் கிடைக்காது என்று கைவிடுவதும் அவசரம். மரண கானா இன்றும் பாடப்படுகிறது. அதனை யாரோ கைப்பேசியில் பிடிக்கிறார்கள், இணையத்தில் ஏற்றுகிறார்கள். வியாசர்பாடியைக் கண்டறியாதவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் பாட்டில் வரும் பட்டப்பெயர் யாருடையது, அந்த வரிக்கு ஏன் அத்தனை பேர் சிரித்தார்கள், சிரித்தவர்களுள் ஒரு பெண் ஏன் எழுந்து உள்ளே போனாள் என்பவை பதிவில் இருந்தும் பார்ப்பவர்க்கு எட்டுவதில்லை. எவர்க்கும் பொருந்தாத அளவுக்கு ஒருவருக்கே உரியதாக ஒரு பாட்டு இருக்கும்வரை, கணக்குப் பொறி அதனைப் பத்துப் பேருக்கு மேல் நீட்டத் தயங்குகிறது. செல்லப்பா அறிவித்த இரண்டாயிரம் பிரதி வரம்பைப் போன்ற ஒன்று, எவரும் திட்டமிடாமலேயே, அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது.

அறிவு 2024இல் தம் இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பாட்டியின் பெயரை முன்னே வைத்து, தம் பெயரை வைக்காமல், அதற்கு அவர் இட்ட தலைப்பு: 'வள்ளியம்மா பேராண்டி'.